பக்தி என்றே எல்லோரும் நினைத்தார்கள்

போன மார்கழியில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நோன்பு என்றாள் அம்மா. தை பிறந்தும் சோறு இறங்கவில்லை. அப்போதும் நோன்பு என்றேதான் ஊருக்கெல்லாம் சொன்னாள்.

நான் ராஜபாளையத்துப் பெண். கல்லூரியில் கடைசி வருடம். வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், காரணமே இல்லாமல் அழுகை முட்டும். கோயிலுக்குப் போய்விட்டுக் கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் நடை சாத்தும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடியிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

பார்த்தவர்கள், “இந்த வயசுல எம்புட்டு பக்தி!” என்று புகழ, அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ உயிரோடு இருப்பதே பாரமாக இருந்தது. இவ்வளவு நல்ல பெயர் வாங்கிவிட்டு, சாகத் தோன்றுகிறது என்று யாரிடம் சொல்வது? “குணமாக்கு” என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. “யாராவது என்னை என்னன்னு கேட்கட்டும், சாமி” என்று மட்டும் வேண்டினேன்.

மறு வாரம் செல்வி கோயிலுக்கே வந்தாள். என்னோடு படிப்பவள், வாய்த்துடுக்குக்காரி. நான் வகுப்புக்கு வராததால் தேடி வந்திருக்கிறாள். சன்னிதி என்றும் பாராமல் கேட்டாள்: “ஏட்டி, நீ சாமி கும்பிடுதியா, இல்ல இங்க வந்து ஒளிஞ்சிருக்கியா?”

அவ்வளவுதான், எல்லாவற்றையும் அழுது கொட்டிவிட்டேன். பிடித்த கையை அவள் கல்லூரி மனநல ஆலோசகர் அறைவரை விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். அன்றே அம்மாவையும் வரச்சொல்லி, என்னை மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார்.

“சாமியே கதின்னு கிடக்க பிள்ளைக்கு மனசு டாக்டர் எதுக்கு?” என்று அம்மா சண்டைக்கு நின்றாள்.

“எனக்குச் செத்துரலாம் போல இருக்கும்மா” என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்திரி, டாக்டரப் பாத்துட்டு வருவோம்” என்றாள்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். “கோயிலையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம்” என்றார். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. பங்குனியில் ஒரு காலை, எனக்குப் பசித்தது. வெறும் பசிதான். நான் நாலாவது இட்லி கேட்டதும் அம்மா அடுப்படியிலேயே நின்று அழுதாள். அப்பாடா என்றிருந்தது. இப்போது தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன், செல்வியோடு சண்டையும் போடுகிறேன்.

படிக்கிற தம்பி தங்கைகளே, மனதார வேண்டிக்கொள்ளுங்கள், சாமி கேட்பார். ஆனால் வேண்டியதோடு நின்றுவிடாதீர்கள். எழுந்து போய் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒரு தோழியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய் திறந்து சொன்னதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன், அதற்கு நானே சாட்சி.