பள்ளத்துத் திடல் மணி

குழந்தைகள் விளையாடுவதற்கென்று பள்ளம் தோண்டிய மனிதர் பினாங்கிலேயே என் அப்பா ஒருவர்தான். எங்கள் தெருவில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் அவர் காதில் விழும்படியாக. முனிசிபல் ஆபீசில் அவருக்கு வரைபடம் போடும் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களெல்லாம் கோப்பு கட்டி, கையெழுத்துப் போட்டு, கௌரவமாக இருந்த காலத்தில், இவர் மட்டும் மழைத்தண்ணீர் எந்தச் சாக்கடை வழியாக எங்கே போகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அதில் மனக்குறை உண்டு. கலியாண வீடுகளில் யாராவது விசாரித்தால், "இஞ்சினியர் கந்தோரிலை" என்று ஆபீஸ் பெயரோடு நிறுத்திக்கொள்வாள்.

கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே இருந்தது அந்தத் திடல். ரோட்டிலிருந்து நாலு படி இறங்க வேண்டும். சுற்றிலும் புல் சரிவு, மேட்டில் அங்சானா மரங்கள், நடுவே நாலு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். சரிவில் உருண்டு போய் ஊஞ்சலடியில் விழுவதுதான் எங்களுக்குப் பெரிய விளையாட்டு. ஆனால் அப்பா பள்ளம் போட்டது நாங்கள் உருள்வதற்காக அல்ல. தண்ணீர்மலைப் பக்கம் பெரிய மழை கொட்டும்போது கடலும் ஏறி நின்றால், மழைத்தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, வீட்டுக்குள் வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் அது திடலில் வந்து நிற்கட்டும், கடல் இறங்கியதும் போகட்டும் என்பது அவர் கணக்கு. தண்ணீருக்கும் நின்று விளையாட ஓர் இடம் வேண்டாமா என்று கேட்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

பெரிய கால்வாய் கடலில் சேரும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. கடல் ஏறுமுன் அதை மூட வேண்டும், இறங்கிய பின் திறக்க வேண்டும். அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். கதவுக்குப் பக்கத்திலேயே குடிசை, மனைவி, கைக்குழந்தை. ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதும், மாலை ஆறு மணிக்குப் படியோரத்து மணியை அடித்து எங்களை வீட்டுக்கு விரட்டுவதும் அவர்தான். நான் அண்ணே என்பேன், அவர் பாப்பா என்பார். எல்லாரையும் விட என் ஊஞ்சலை ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளுவார். கதவுக்கு மட்டும் அப்பா வந்து மணி அடிப்பார். மூன்று அடித்தால் மூடு, நிறுத்தாமல் அடித்தால் திற. மணி கேட்காமல் கதவுச் சக்கரத்தில் அவர் கை வைத்ததே கிடையாது.

ஜப்பான்காரன் வந்ததும் ஊஞ்சல் சங்கிலிகள் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டன. கம்பங்கள் மட்டும் மொட்டையாக நின்றன. திடலைக் கொத்தி மரவள்ளி நட உத்தரவு வந்தது, வீட்டுக்கு ஒரு பாத்தி. அரிசி கண்ணில் படாத காலம், ஆகவே யாரும் முணுமுணுக்கவில்லை. நான்தான் ஊஞ்சலுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மரவள்ளி மழைத்தண்ணீரில் ஒரு பொழுது நின்றால் தாங்கிவிடும், உப்புத்தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். பயிருக்கு யாராலாவது கெடுதல் வந்தால் அவன் தலை கழுத்தில் இருக்காது என்று அதிகாரி ஒருவன் படியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இன்னோர் உத்தரவும் வந்தது. மலாயா முழுக்க இனித் தோக்கியோ நேரம். எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அப்பா தோக்கியோ நேரத்துக்கு ஆபீஸ் போய், தோக்கியோ நேரத்துக்கு வீடு வந்தார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. கடல் எந்த நாள் எத்தனை மணிக்கு ஏறும், இறங்கும் என்று போட்ட புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. யுத்தத்துக்கு முன்பே அந்த வருஷம் முழுவதற்கும் அச்சாகி வந்தது, எல்லாம் பழைய நேரம். அவருடைய கைக்கடிகாரத்தை முதல் வாரமே ஒரு சிப்பாய் கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஆக, புத்தகத்துக்கு ஒத்துப்போக வீட்டில் மிஞ்சியது அந்தச் சுவர்க் கடிகாரம்தான்.

"மணிக்கூட்டுக்கு உத்தரவு போடலாம் பிள்ளை. கடலுக்குப் போடேலாது," என்றார் என்னிடம். ஒன்றரை மணியைக் கூட்டிக் கழித்துக்கொண்டால் போதாதா என்று அம்மா கேட்டாள். என்றைக்காவது ஒருநாள் மறந்துபோகும், தப்பு வரும் என்றார். தப்பே வரக்கூடாதென்று செய்த ஏற்பாடு அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரி. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் என் கை மேலே போய்விடும். ஒருநாள் அவர், யார் யார் வீட்டில் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டுகிறது என்று கேட்டார். என் கை வழக்கம்போல மேலே போனது. போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்லது, வீடு வீடாக வந்து பார்ப்பேன் என்றார். அவர் வரவே இல்லை, வருகிற உத்தேசமும் இருந்திருக்காது. ஆனால் அது எனக்குத் தெரியாதே, பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓட்டமாக ஓடி வந்தேன்.

வீட்டில் அப்பா மூன்று நாளாக மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார். கொயினா மருந்து கிடைக்காத காலம். மழை காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கடல் ஏறுமுன் போர்வையும் குடையுமாகப் போய், மணியை மூன்று முறை அடித்துக் கதவை மூடச் சொல்லிவிட்டு வந்து, மறுபடி படுத்திருந்தார். அம்மா ரேஷன் வரிசைக்குப் போயிருந்தாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. நான் முக்காலியைப் போட்டு ஏறி, முள்ளை ஒன்றரைக்கு நகர்த்தினேன். நகர்த்தும்போது அது அடித்தது. அப்பா புரண்டு படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுந்தபோது அவர் முகம் இருந்த இருப்பில் சொல்லப் பயமாக இருந்தது.

கதவைத் திறக்க வேண்டிய நேரம் மூன்றரை என்று புத்தகத்தில் இருந்தது. கடிகாரம் மூன்றரை அடித்ததும் அப்பா எழுந்து தள்ளாடி நடந்தார். நான்தான் குடை பிடித்துக்கொண்டு போனேன். வானம் கறுத்துக் கிடந்தது. மணி என்ன இருக்கும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. திடலில் மழைத்தண்ணீர் தேங்கி, மரவள்ளித் தண்டுகள் முக்கால்வாசி முழுகி நின்றன. அப்பா நிறுத்தாமல் மணியை அடித்தார். கதவுக்கார அண்ணன் மழையில் ஓடி வந்தார், ஆனால் திறந்துவிட்டு வரவில்லை.

"ஐயா, வெளிய தண்ணி இன்னும் உசரமா நிக்குதுங்க. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே."

"புத்தகத்திலை மூண்டரை எண்டு கிடக்கு. மூண்டரை தாண்டிட்டுது. போய்த் திற."

அண்ணன் ஒரு கணம் நின்றார். கடலைத் தினமும் பார்க்கிறவர் அவர், புத்தகத்தைப் பார்க்கிறவர் அப்பா. படித்தவர் சொல்லும்போது தன் கண்ணை நம்பக்கூடாது என்று அந்த நாளில் எல்லாருக்கும் பழக்கியிருந்தார்கள். அவர் போய்த் திறந்தார். கடல் உள்ளே வந்தது.

அடுத்த நாள் காலையில் திடலைப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் குழந்தைகள் மட்டும் குதித்தோம். பாத்திகளுக்கு நடுவே மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் வீட்டில் மீன் வாசனை கிடையாது. அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது, அதற்காக என் நாக்கை நானே மன்னித்ததில்லை. அப்பா சாப்பிடவில்லை. முதல்நாள் மழை விட்டதும் கடற்சுவரில் போய் நின்று, தண்ணீர் எப்போது இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். கடிகாரத்துக்குக் கீழே வந்து நின்று, ஆர் இதிலை கை வைச்சது என்று கேட்டார். அம்மா தான் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. நாலாம் நாள் அதிகாரி லாரியில் வந்தான். பாத்திக்காரர்கள் எல்லாரையும் படியோரம் நிறுத்தினார்கள். கதவைத் திறந்தது யார் என்று உடைந்த மலாயில் கேட்டான். அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

கதவுக்காரன் திறந்தான் என்றார் அப்பா. அது பொய்யில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு பொய்யில்லாத பேச்சு பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் மறுக்கவில்லை. மணி அடித்தது, அதனால் திறந்தேன் என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்காவது அந்த மணி கேட்டிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் வாயைத் திறக்கிற வழக்கம் அந்த வருஷங்களில் யாருக்கும் இல்லை. அண்ணன் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். பிறகு என்னைக் காட்டி அதிகாரியிடம் தெரிந்த மலாயில் கெஞ்சிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"பாப்பாதான் ஐயாவுக்குக் குடை பிடிச்சிச்சு. பாப்பா சொல்லும். பாப்பா பொய் சொல்லாது."

அதிகாரி குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தான். மணி அடித்ததா என்று கேட்டான். அப்பாவின் கை என் தோளில் இருந்தது, காய்ச்சல் சூடு சட்டையைத் தாண்டித் தெரிந்தது. அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன், அதையும் ஜப்பானிய மொழியில். "இய்யே." இல்லை என்று அர்த்தம். வாத்தியார் சொல்லிக்கொடுத்த சுத்தமான உச்சரிப்பு. அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது, என் தலையைத் தடவினான். அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அண்ணனை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னைத் திட்டவில்லை, கோபமாகப் பார்க்கவும் இல்லை. ஏதோ புரியாததைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ரயில் பாதை போட சயாமுக்கு அனுப்பிய கூட்டத்தில் அவரும் இருந்ததாகச் செய்தி வந்தது. போனவர் வரவில்லை.

அன்று மாலை நான் அப்பாவின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, துணி சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தார். இறங்கி வந்து என் தலையைத் தொடக் கையை நீட்டினார். என்ன நினைத்தாரோ, தொடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து திடலில் மறுபடி புல் போட்டார்கள், ஊஞ்சல் கட்டினார்கள். அப்பாவின் பழைய வரைபடத்தை வைத்துத்தான் எல்லாம். மழைத்தண்ணீர் அவர் சொன்னபடியே வந்து நின்றது, சொன்னபடியே போனது. தெருவில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. அவர் மட்டும் அந்தப் பக்கம் போக மாட்டார், தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஆபீஸ் போவார். கதவுக்கார அண்ணனின் மனைவி ஒருநாள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என்னை வாசலில் கூப்பிட்டாள். உங்களை ஒண்ணும் செய்ய வரலை பாப்பா, அன்னிக்கு மணி அடிச்சிச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். பன்னிரண்டு வயதில் இன்னும் கெட்டிக்காரியாகியிருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். அன்று எதற்காக வாயைத் திறந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் சொன்னதையே சொல்லத்தான் வந்திருப்பார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். என் மகனுக்கு ஒன்பது வயதானபோதுதான் வேறு விதமாகத் தோன்றியது. மணியை அடித்தது நான்தான் என்று சொல்ல வந்திருக்கலாம். நான் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, ஆமாம் என்று அவர் சொன்னால் அந்த அதிகாரிக்கு முன்னால் பொய் சொன்னவள் நானாகிவிடுவேன். தன் தலையைக் கொடுக்க வந்த மனிதருக்கு என் தலையை எடுத்துக் குறுக்கே வைத்துவிட்டேன். அவர் வேறென்ன செய்வார், வாயை மூடிக்கொண்டார். இதெல்லாம் இன்றைய புத்தி. அன்று ராத்திரி நான், அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன்.