எங்கள் மாடிப்படிப் பெட்டி

எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. கேபிள் டிவி வந்த புதிதில் பொருத்தியது. உள்ளே இருக்கும் சாமான்கள் பலமுறை மாறிவிட்டன, பெட்டி மட்டும் அதேதான். தெருவில் நாற்பது வீடுகளுக்கு இன்டர்நெட் இங்கிருந்துதான் பிரிந்து போகிறது. அதற்குக் கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்து. அதனால் எங்களுக்கு லைன் இலவசம். மயிலாப்பூர் சந்துகளில் இது எழுதாத சட்டம்: பெட்டி இருக்கிற வீட்டில் காசு கேட்கக் கூடாது, பெட்டி இருக்கிற வீடு பெட்டியைத் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பாதியை நான் ஒருநாள் மீறினேன்.

லைன் நடத்துகிறவளைத் தெருவில் எல்லாரும் கேபிள்காரம்மா என்றுதான் சொல்வோம். முதலில் அவள் கணவர் நடத்தினார். அவர் இறந்தபோது லைனை யாருக்காவது விற்றுவிடுவாள் என்று தெரு முழுக்க முடிவு கட்டியது. நானும்தான். பத்தாம் நாள் சுடிதாருக்கு மேல் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு துண்டோடு, எங்கள் மொட்டைமாடிக்குப் போக வழி கேட்டாள். மழை பெய்து ஓய்ந்த மறுநிமிடம் ஏதோ ஒரு மாடியில் அவள் தலை தெரியும். எந்த மாடியில் வடாம் காய்கிறது, எந்த மாடியில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் மதியம் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த வாத்தியாரம்மா நான். வேலை தெரிந்தவளைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். சர்ச் பீடத் துணிகளுக்குப் பூவேலை செய்து தருகிறாள். எங்கள் இருவரைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. அவளோடு படித்த தோழி ஒருத்தி, அவளுக்கும் கேட்காது, அடையாற்றங்கரையில் குடியிருந்தாள். தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் சாந்தோமில் சர்ச் வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து கையால் பேசுவார்கள். ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்ட பிறகு அதற்கு வழியில்லை. இரண்டு பஸ் மாறி வர வேண்டும், தோழிக்கு முட்டி வலி. அப்புறம் போனில் வீடியோ வந்தது. நாலு மணி மறுபடியும் நாலு மணி ஆயிற்று.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள் அமைதியாகப் பேசுவார்கள் என்று தோன்றலாம். அமைதியாவது ஒன்றாவது. மேஜையைத் தட்டுவார்கள், தொடையைத் தட்டுவார்கள், என் தங்கை சிரித்தால் அடுத்த வீட்டு வரைக்கும் கேட்கும். நான் குறுக்கே போனால் கையை வீசி விரட்டுவாள். எனக்குத் தெரிந்த சைகையெல்லாம் சாப்பாடு, தூக்கம், மருந்து, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். அவர்கள் பேசும் வேகத்துக்கு நான் எங்கே போவது. அதனால் அந்த ஒரு மணி நேரம் அடுக்களையில் இருந்துகொள்வேன். ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் பேச்சைக் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தோழி ரீசார்ஜ் போட்டுப் பேசுகிறவள். அந்த விலையோ ஏறிக்கொண்டே போகிறது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவும் உண்டு. அதனால் அவள் பகல் முழுக்க ஒரு பாட்டுக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் போனைக் கேட்டாலும் கொடுப்பதில்லை. எல்லாம் நாலு மணிக்காக.

கேபிள்காரம்மா லைன் வாங்கும் கம்பெனி ஒருநாள் புதுத் திட்டம் கொண்டுவந்தது. நெட், சேனல், சினிமா, கிரிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே பேக். பழைய பேக்கை விட விலை கூடுதல், தனியாக நெட் மட்டும் வேண்டுமென்றால் கிடையாது. தெருவில் முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் மாறினார்கள். பெட்டி வீடு என்பதால் எங்களுக்குக் கூடுதல் காசு இல்லை, ஆனால் லைன் அதே லைன்தான். அந்த வாரத்திலிருந்து சினிமா தண்ணீராக ஓடியது. நாலு மணிக்குத் தோழியின் கை மட்டும் பாதியில் நின்றது. நின்று, கலங்கி, எங்கேயோ தாவி, மறுபடி நின்றது. நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வரும், சமாளித்துக்கொள்வோம். அவர்களுக்குக் கை நின்றால் பேச்சே நின்றது.

நான் போன் போட்டுக் கேபிள்காரம்மாவிடம் கத்தினேன். வந்து பார்த்தாள், வயரை மாற்றினாள், போனாள். மறுநாளும் அதேதான். நாலாம் நாள் என் தங்கை போனை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓசி லைன்தானே, அதனால்தான் நம்மை இளக்காரமாக நடத்துகிறாள் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன். நேராக மாடிப்படிக்குப் போய்ப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன்.

பெட்டிக்குள் இருந்த பேட்டரி செத்து வெகுகாலம். அந்த நிமிடமே நாற்பது வீடும் இருண்டது போல ஆயிற்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எதிர்வீட்டுக்காரர் காதில் மாட்டியதைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தார். அடுத்த வீட்டு மாமி, "ஆத்துல நெட் போயிடுத்து. பாட்டு கிளாஸ் நடந்துண்டிருக்கு, பொண்ணு பாதி வர்ணத்துல நிக்கறா," என்று மேலே பார்த்துச் சொன்னாள். திரும்பினால் படியில் என் தங்கை. என் விரல் ஸ்விட்சின் மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிள்காரம்மா மூச்சு வாங்க வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தானே ஸ்விட்சைப் போட்டாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"இன்னா டீச்சர் ஆச்சு? ஒயுங்கா சொல்லுங்க."

சொன்னேன். ஓசி லைன் என்றுதானே இப்படி என்றும் சொன்னேன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் மறுநாள் நாலு மணிக்கு வந்து என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் ஒரு படத்தை ஓடவிட்டு, இந்தப் பக்கம் தோழியைக் கூப்பிடச் சொல்லி, இரண்டையும் சேர்த்துத் தன் போனில் வீடியோ எடுத்தாள். அங்கே சண்டைக் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது, இங்கே தோழியின் கை காற்றில் நின்றது. மூன்று நாள் அப்படியே எடுத்தாள். பக்கத்துத் தெருவில் அதே கம்பெனி லைன் இருக்கிற ஒரு வீட்டிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"உங்க லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல டீச்சர். வயரு நல்லா கீது. மேல கம்பெனிலயே பண்றாங்க. அவங்க படம் முன்னால போவுது, மத்தவங்க பேச்சு பின்னால நிக்குது."

இணையத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை என்று நம் நாட்டில் விதி இருப்பதாகப் பேப்பரில் படித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "விதியெல்லாம் கீது டீச்சர். அது மாடி ஏறி வயர் கட்டுமா?" என்றாள். மறுநாளே என் தங்கையையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தி. நகரில் அந்தக் கம்பெனியின் ஆபீசுக்குப் போனாள்.

புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. டை கட்டிய ஒருவர் மரியாதையாக உட்கார வைத்தார். தன் ஆபீஸ் டிவியில் படம் ஓடவிட்டுக் காட்டி, லைன் நன்றாக இருக்கிறதே என்றார். கேபிள்காரம்மா அதே லைனில் தோழியைக் கூப்பிடச் சொன்னாள். என் தங்கை கூப்பிட்டாள். தோழி சிரித்தாள், கையைத் தூக்கினாள், கை நின்றது.

அவர் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், வீடியோ கொஞ்சம் ஸ்டக் ஆனாலும் வாய்ஸ் கிளியரா வரும்," என்றார்.

நான் எழுந்துவிட்டேன். கேபிள்காரம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சார், இவங்களுக்கு வாய்ஸ் கைல கீது."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறியது, அதை மறைக்கவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் கையில் இருந்ததை விற்கத்தான் அவருக்குத் தெரியும். வீடியோ கால் வேகமாகப் போக வேறொரு பேக் இருக்கிறது, கொஞ்சம் கூட ஆகும், இவர்களுக்கு மட்டும் சலுகையில் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு அது போதும் என்று பட்டது. எங்கள் வேலை முடிந்தது அல்லவா.

கேபிள்காரம்மாவுக்குப் போதவில்லை. "பைப்புல தண்ணி வுடறதுதான் சார் நம்ம வேல. காபிக்கா, துணி தொவைக்கவான்னு பைப்பு கேக்குமா? இவங்களுக்குத் தனியா குடுத்தா, இந்த மாதிரி இன்னொருத்தர் எந்த வூட்ல கீறாங்கன்னு எனக்கு எப்டி தெரியும்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் பார்த்த தலைமையாசிரியர்களில் இரண்டு பேருக்கு மேல் அப்படிப் பேசத் தெரியாது.

மாதம் முடிவதற்குள் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாள். வேறொரு சின்னக் கம்பெனியிடம் லைன் வாங்கினாள். அதில் சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, வெறும் நெட். வேண்டியதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நாற்பதில் பதினைந்து வீடு அவளை விட்டுப் போயிற்று. போன வீட்டுக்காரர் ஒருவரை நான் காய்கறி வண்டியருகே பிடித்துக்கொண்டேன். அவள் வந்து விலக்கினாள்.

"வுடுங்க டீச்சர். படம் பாக்கறவங்களுக்குப் படம் வோணும். அதுல இன்னா தப்பு?"

"உனக்கு நஷ்டம் இல்லையா?"

"நஷ்டம்தான். லைன் குடுத்தா பேச முடியணும்ல. பேச முடியலன்னா அது இன்னா லைன்?"

காபி குடித்துவிட்டுப் போ என்றுதான் சொன்னேன்.

புது லைன் வந்த முதல் நாள் நாலு மணிக்கு, பெட்டியை மூடிவிட்டும் அவள் போகவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படியில் நின்றாள். தோழியின் கை திரையில் வந்தது. நிற்கவில்லை. மூன்று வாரப் பேச்சு மொத்தமும் ஓடியது. என் தங்கை மேஜையைத் தட்டிய சத்தத்தில் டம்ளர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தோழி ஏதோ கேட்க, தங்கை கேபிள்காரம்மாவை இழுத்துத் திரை முன் நிறுத்தினாள்.

காது கேட்காதவர்கள் யாரையும் எழுத்துக் கூட்டி அழைப்பதில்லை. ஆளைப் பார்த்து ஒரு சைகையைப் பெயராக வைப்பார்கள். தோழி இரண்டு விரலைத் தன் கைமேல் நடக்கவிட்டாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், ஏணி ஏறுகிற மாதிரி. கேபிள்காரம்மா யாரையும் அர்த்தம் கேட்கவில்லை. தன் கைமேல் அதே மாதிரி விரலை ஏற்றிப் பார்த்தாள். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாக மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற விரல்தான் நானாம். தோழி என்னைக் காட்டிக் கேட்டதும் தங்கை அந்தப் பழைய பெயரைச் சொல்லவில்லை. கட்டைவிரலால் காற்றில் ஒரு ஸ்விட்சை அணைத்துக் காட்டினாள். தோழி சிரித்த சிரிப்பில் திரையே ஆடியது. கேபிள்காரம்மாவும் சிரித்தாள்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் நாலு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து தங்கை காற்றில் ஸ்விட்சை அணைத்து என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அவர்கள் பக்கத்தில் எனக்காகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருகிறேன்.