சிவப்புப் பொட்டு வைத்த பில்டர்

டொரத்திக்கு நகப்பூச்சுப் பழக்கம் கிடையாது. மகள் நடாலி விட்டுப்போன சிவப்புப் புட்டியை எடுத்துத் தன் மைவி காரின் ஆயில் பில்டரில் அவர் ஒரு பொட்டு வைத்தது சந்தேகத்தால்தான். பட்டறையில் ஒவ்வொரு தடவையும் எண்ணெயோடு பில்டரையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பூதக்கண்ணாடி வழியே மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்தவர் டொரத்தி. எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

அந்த முறை கார் திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். பொட்டு அப்படியே இருந்தது.

அவர் சண்டைக்குப் போகவில்லை. இனி தானே மாற்றிக்கொள்ளப் போவதாகக் கணவர் கொர்னேலியஸிடம் அறிவித்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கொர்னேலியஸ், டயருக்குக் காற்றடிக்கவே தயங்குகிறவர். வேண்டாமே என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். பிறகு டார்ச் பிடிக்க ஒப்புக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை தொடங்கியது. அன்று மாலை ஐந்து மணிக்குச் செமினியில் நடாலியின் புதுவீட்டு ஜெபம். அதற்குள் முடிந்துவிடும் என்பது டொரத்தியின் கணக்கு. பக்கத்து வீட்டு வேலாயுதம் லோரி ஓட்டுகிறவர். டொரத்தி அவரிடம் இரும்புச் சாய்வு மேடைகள் இரண்டை இரவல் வாங்கி முன்சக்கரங்களை ஏற்றினார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் இளஞ்சூட்டோடு பேசினில் இறங்கியது. பழைய பில்டர் சுலபத்தில் அசையவில்லை. இரண்டு கைகளாலும் முறுக்கிக் கழற்றிப் பையில் போட்டார். புதியதை மாட்டி, போல்ட்டை இறுக்கி, நாலு லிட்டர் கேனிலிருந்து மூன்று லிட்டர் எண்ணெய் ஊற்றினார். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அவருக்கே ஆச்சரியம்.

காரை முடுக்கினார். கொர்னேலியஸ் கையை உயர்த்திக் கத்தினார்: "நிப்பாட்டு, நிப்பாட்டு! கொட்டுது!"

உடனே அணைத்தார். அதற்குள் புது எண்ணெய் சிமெண்டுத் தரையில் தேன் நிறத்தில் பரவிவிட்டது. வேலாயுதம் ஒரு மூட்டை மரத்தூளோடு வந்தார்.

"அக்கா, நான் பாக்கவா?"

"இருங்க தம்பி. எங்க தப்பு பண்ணேன்னு நான் தெரிஞ்சிக்கணும்."

குரல் நிதானமாக இருந்தாலும் டொரத்திக்குக் காது சூடாகியிருந்தது. மரத்தூளைத் தூவிவிட்டு, தூக்கிப்போட்ட பழைய பில்டரைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கவேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. புது பில்டரைக் கழற்றி எஞ்சின் பக்கத்தைத் தடவினார். நாள்பட்ட பழைய வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் புதிய வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறார். ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் எண்ணெய் வழிந்துவிட்டது.

இத்தனை வருடம் கடுகளவு கீறலைக் கண்டுபிடித்தவர், கைக்கு நேரே இருந்த வளையத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

பழைய வளையத்தை நகத்தால் உரித்தெடுத்தார். அந்த இடத்தைத் துடைத்தார். புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி மறுபடி மாட்டினார். கேனில் மீதியிருந்ததை ஊற்றி, அளவுக்கம்பியில் சரிபார்த்து முடுக்கினார். கொர்னேலியஸ் தரையோடு தரையாகக் குனிந்து வெகுநேரம் டார்ச் அடித்தார்.

"ஒரு சொட்டு இல்ல," என்றார்.

பழைய எண்ணெயை வேறொரு பட்டறையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதில் செமினி போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம். ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் டொரத்தி முதல் வேலையாகக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் கொர்னேலியஸ் பிரியாணித் தட்டோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பாதிரியாரிடமே கதையைத் தொடங்கியிருந்தார்.

"பட்டறைக்கே போகல லா. இந்தத் தடவை நாங்களே மாத்திட்டோம்."

டொரத்தி அந்த 'நாங்களே'வைத் திருத்தவில்லை. பசி. தட்டை எடுத்துக்கொண்டு கணவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.