தண்ணீர் தாங்கும் சாமி மேடை

என் மனைவி வீடு கழுவுவதைப் பார்த்தால் எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் வெள்ளம் வந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். துடைப்பதெல்லாம் அவளுக்குக் கணக்கிலேயே வராது. வெள்ளிக்கிழமையானால் அடுப்படியிலிருந்து வாளி வாளியாக மஞ்சள் தண்ணீரை வீசி, விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே வந்து, முன்வாசல் வழியாக லோங்கான் சாக்கடையில் கொண்டுபோய் விடுவாள். நான் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். எங்கள் பழைய சாமி மேடையின் கால்கள் உளுத்துப்போனது அந்தத் தண்ணீரால்தான். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கறையான்மேல் பழியைப் போடுவாள்.

மகளின் பிரசவத்துக்காக ஜோகூர் போனவள், பேரனைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவள் இல்லாத நாளாகப் பார்த்து மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாமி படங்களையெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன். வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“சாமிய அங்க வச்சுட்டு நீங்க எங்க சாப்பிடுறீங்க?”

“அடுப்படியில. நின்னுக்கிட்டு.”

“நல்லா இருக்கு லா! ஒரு மேடை செஞ்சு வைங்க. தீபாவளிக்கு வந்துருவேன். நானே விளக்கேத்தி, படத்த மேல வைக்கிறேன்.”

வந்துருவேன் என்றாள். எனக்கு அது போதும். மறுநாள் காலையிலேயே ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரச் சீனர், மரத்தை மாவாக அரைத்து அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைக் காட்டினார். என்ன மரம் என்று கேட்டேன். “கெத்தா, அங்கிள்,” என்றார். ரப்பர் மரம். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா சீவிய பால்மரத்தின் பேரப்பிள்ளை! காலமெல்லாம் மழையில் நின்ற மரம், பலகையான பிறகு தண்ணீர் பட்டால் ஊதிவிடுமாம். ரிட்டையர் ஆனதும் என் முட்டி கெட்டுப்போன கதைதான்.

அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், பலகையை வாங்கி வந்து மேடைக்கு அறுத்து, வீட்டில் மிச்சமிருந்த, தண்ணீர் கலந்த சுவர் பெயிண்டை எடுத்து நேரே அடித்தேன். முகப்பு பரவாயில்லை. வெட்டிய ஓரங்கள்தான் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு, தேநீரில் நனைத்த பிஸ்கட்டாக உப்பிவிட்டன. ஒரு பக்கம் மட்டும் பூசிய மேடைக் கதவு, காய்ந்ததும் வில்லாக வளைந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதை வாசலுக்கு வீசினேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன். வேறு யார் எடுப்பார்கள்?

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் புகாமல் அடைக்கும், தண்ணீர் கலக்காத சீலரைப் பூசி, காயவைத்து, மறுபடியும் தேய்த்துப் பூசினேன். விரலை ஓட்டினால் கண்ணாடிபோல வழுக்கும் வரை விடவில்லை. அப்புறம் அடிப்பூச்சாக அண்டர்கோட், அதன்மேல் எண்ணெய் பெயிண்ட். யார் கண்ணுக்கும் தெரியாத பின்பக்கத்துக்கும் அதே மரியாதை. கால்களின் அடிப்பாகத்துக்குத்தான் இருப்பதிலேயே அதிகப் பூச்சு. அவளுடைய வாளித் தண்ணீர் முதலில் போய் முட்டுவது அங்கேதானே.

பலகையைத் திருப்ப இன்னொரு கை வேண்டும். “இத கொஞ்சம் புடிம்மா,” என்று பழக்கதோஷத்தில் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூரிகையைக் கழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

பின்னேர மழை பிடித்துக்கொண்டதால் பெயிண்ட் காயத்தான் நாளானது. நன்றாகக் காய்ந்ததும் மேடையை அதன் இடத்தில் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை வந்தது. அவள் வருவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்துவிடலாம் என்று தோன்றியது. மஞ்சளைக் கரைத்து, வாளியைத் தூக்கி, அவளைப் போலவே வீசினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர் மேடைக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. சாயங்காலம் குனிந்து தடவிப் பார்த்தேன். ஓரம் வைத்தது வைத்தபடி இருந்தது, ஒரு துளி உப்பல் இல்லை. வீடு முழுக்க மஞ்சள் வாசனை, அவள் உள்ளே இருப்பதுபோல.

பெருமையாக வீடியோ கால் போட்டேன். மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்துவிட்டாள்.

“யாருங்க வீடு கழுவுனா?”

“நாந்தான். மேடை தாங்குதான்னு பாத்தேன்.”

“வழுக்கி விழுந்து வைக்காதீங்க,” என்றாள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். “மக மறுபடியும் முழுகாம இருக்கா. இவள இப்படி விட்டுட்டு நான் எப்படி வாரது? நீங்க இங்க வந்துருங்க. அங்க தனியா என்ன செய்யப் போறீங்க? வரும்போது சாமி படத்தையும் எடுத்துட்டு வந்துருங்க.”

நல்ல சேதிதான். சந்தோஷமும் பட்டேன். ஆனால் கை மேடையின் ஓரத்தை விட்டு வரவில்லை.

“பெயிண்ட் இன்னும் காயலம்மா. காஞ்சதும் பாக்குறேன்,” என்றேன்.

தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததைச் சற்று முன்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதைக் கிளறவில்லை.

“ஆமா, அங்க மழைதானே,” என்றாள். “மெதுவா காயட்டும்.”

சாமி படங்கள் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தன. அன்றைக்கும் அடுப்படியில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன்.