பேனரின் மேல் மூலை

கரியமாணிக்கத்து அன்புராஜுக்குக் கடிதம் எழுதுவதென்றால் சோம்பலே கிடையாது. மனைவிக்கு பிரெஞ்சு குடியுரிமை. கல்யாணமான கையோடு பாரிசுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. ஞாயிறு வந்தால் போதும், ஊரில் இருக்கும் மூன்று கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப் குழுவில் முழநீளத்துக்கு எழுதித் தள்ளுவான். பனி, ரயில், சூப்பர்வைசரின் கோபம், எதையும் விடமாட்டான். பதிலுக்கு கலைவேந்தன் ஒரு கட்டைவிரல் போடுவான். நூருல் அமீன் அதுவும் போடமாட்டான். படிக்கிறார்களா, இல்லை ஆளையே மறந்துவிட்டார்களா என்று அன்புராஜுக்கு விளங்கவே இல்லை. கேட்கவும் ரோஷம்.

மூன்றாமவன் நவீன்குமாருக்குப் போன வாரம் கல்யாணம். அன்புராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் அம்மா காசம்மாள் போன் செய்தாள். குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டு, நிஜமாகவே நீதானா என்று மூன்று தரம் கேட்டாள். ஏம்பலத்து உறவுக்காரர் ஒருவர் வீடேறி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனாராம்.

ஒன்றும் புரியாமல் கலைவேந்தனிடம் கேட்டான். மண்டப வாசலில் வைத்த பேனரின் படம் வந்தது. கீழே கூட்டாளிகள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அன்புராஜ் மட்டும் மேல் மூலையில், வட்டத்துக்குள், தனியாக. அந்தப் பக்கத்துப் பேனர்களில் அது செத்துப்போனவர்களுக்கு விடுகிற இடம். அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சேர்த்துக்கொண்டார்களா, கழித்துக்கட்டிவிட்டார்களா?

உடனே போனில் பிடித்தான்.

"கீழ போட்டா ஆளு எங்கன்னு பொண்ணு வூட்டுல கேப்பாங்கடா," என்றான் கலைவேந்தன். "நீயோ வரல. உட்டுடவும் மனசு வரல. அதான் மேல தனியா வெச்சோம்."

அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. நல்ல படமாகத் தேடிப்பிடித்துப் போட்டதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்த்தான்.

அந்த ஞாயிறு, பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு ஒரே வரிதான் வந்தது. "நான் உசுரோடதான்டா இருக்கேன்."

நூருல் அமீனிடமிருந்து அடுத்த நிமிடமே பதில். "அப்ப வந்து எங்க பக்கத்துல நில்லு."

வருகிறேன் என்று அன்புராஜ் அடித்தான். எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை. அழித்துவிட்டான்.