கேட்கவில்லை என்று சொன்ன போதகர்

அந்தச் சபையார் தங்கள் போதகருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நாற்பது நிமிஷம்'. அடக்க ஆராதனையை அவர் அதற்கு மேல் நீட்டியதில்லை. அழுகிறவர்களை வெயிலில் நிறுத்திவைத்துப் பிரசங்கம் பண்ணுவது பாவம் என்பார். குழியோரத்தில் கடைசியாகச் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "இவர் போயிடல. நமக்கு முன்னால போயிருக்கார்." இருபத்தாறு வருஷமாக அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் மண் அள்ளிப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் அவர் அதை நம்பாமலேயே சொல்லிவந்தார். விசுவாசம் ஒரே அடியில் போகவில்லை. தொட்டியில் கசிவு இருப்பது தெரியாமல் இருந்து, ஒரு நாள் மூடியைத் திறந்தால் தரை தெரிவது போல்தான் அவருக்கும் தெரியவந்தது. வேலையை விடவில்லை. சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார யாராவது வேண்டுமே என்று இருந்துவிட்டார். 'ஒரே ஒரு அடையாளம் காட்டும்' என்று காலை ஜெபத்தில் கேட்பார். நாளடைவில் அதுவும் பல் துலக்குவது போலாகிவிட்டது.

கூட இருந்தவர் அக்கா ஒருவர்தான். மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர். கை பஞ்சு, வாய் கத்தி. அவரிடம்கூடத் தம்பி இதைச் சொன்னதில்லை.

அந்த வருஷம் சபையைச் சேர்ந்த பஸ் டிரைவர் ஒருவர் டெப்போவிலேயே மாரடைப்பில் இறந்தார். அடக்கம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. ஆறு வாரம் கழித்து அவர் மனைவி கோயில் அலுவலக அறைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை அவருக்கு. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ஐயா, அவர் தினமும் வர்றார்," என்றார், பஸ் நேரத்தைச் சொல்வது போல. "மத்தியானம் ரெண்டு பத்துக்கு. டூட்டி முடிஞ்சு வந்ததும் சாவிக்கொத்தை ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற தகரத் தட்டுல போடுவார். அந்தச் சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா தட்டுல ஒண்ணும் இல்ல."

"பயமா இருக்காம்மா?"

"பயமில்லீங்கய்யா. சத்தம் கேட்டதும் எழுந்து அவருக்குச் சோறு சூடு பண்ண அடுப்பைப் பத்த வைக்கிறேன். அதைத்தான் என் பையன் பாத்துட்டான். மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டான். நீங்க ஒரு நாள் வந்து உக்காருங்க. நீங்க சொன்னா நம்புவான். உங்களுக்குக் கேக்கலைன்னா நானே டாக்டர்கிட்ட போறேன்."

வியாழக்கிழமை போதகர் அவர்கள் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி, இரண்டே அறை. சமையலறை மேஜையருகே அவரை உட்காரவைத்தார்கள். மகன் அதே டெப்போவில் மெக்கானிக். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவன், போன் அடித்ததும் வெளி நடைக்குப் போனான். இரண்டு மணி ஒன்பது நிமிஷம். அம்மாள் கதவைப் பார்க்கவில்லை, போதகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ வரவில்லை. அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி, ஃப்ரிட்ஜ் மேல், கனமான சாவிக்கொத்து தகரத்தில் விழுந்தது. கடைசியில் ஒரு சாவி மட்டும் தனியாகச் சறுக்கி விளிம்பில் இடித்தது. எழுந்து பார்த்தார். தட்டில் மெல்லிய தூசி, அதில் ஒரு கீறல்கூட இல்லை.

மகன் உள்ளே வந்தான். "என்ன பாஸ்டர், ஏதாவது கேட்டுச்சா?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுவந்த அடையாளம் இதுதானே என்று போதகருக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் பயம் பிடித்தது. இது உண்மையென்றால் அவர் புதைத்த அத்தனை பேரும் எங்கேயோ இருக்கிறார்கள், அவர் நம்பாமல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு.

"இல்ல தம்பி. ஒண்ணும் கேக்கல."

அம்மாள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "சரிங்கய்யா," என்றார்.

சொன்னபடி டாக்டரிடம் போனார், மாத்திரை கொடுத்தார்கள். மதியமெல்லாம் அம்மாள் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை முகம் ஊதி, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போதகரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அடுத்து வந்த அடக்கத்தில் குழியோரத்தில் நின்று "இவர் போயிடல" என்று ஆரம்பித்தவருக்கு மேலே வார்த்தை வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று, மணியடிப்பது முதல் கோயில் வேலையெல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் அக்கா விடவில்லை. "மூணு வாரமா சோத்தைப் பிசைஞ்சு வச்சிட்டு எழுந்து போற. என்னடா?"

எல்லாவற்றையும் சொன்னார், பன்னிரண்டு வருஷக் கதையையும் சேர்த்து. கடைசியில், "தினமும் முழங்கால்ல நின்னு மன்னிப்பு கேக்கறேன்க்கா," என்றார்.

"பொய் சொன்னது அவகிட்ட. மேல பாத்து எதுக்கு மன்னிப்பு கேக்குற?" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே போதகர் அம்மாள் வீட்டுக்குப் போனார். மகனும் வீட்டில் இருந்தான். உட்காராமலே சொன்னார்: "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சும்மா. பயத்துல இல்லைன்னுட்டேன்."

மகன் எழுந்துவிட்டான். "என்ன பாஸ்டர் பேசறீங்க? இப்பத்தான் கொஞ்சம் தூங்கறாங்க. அம்மாவைப் பாத்துப் பரிதாபப்பட்டு இப்படிச் சொல்றீங்களா?"

அம்மாள் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். "எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கய்யா."

"கொத்தா விழுந்துச்சு. அப்புறம் ஒரு சாவி மட்டும் சறுக்கி விளிம்புல இடிச்சுது."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அது வீட்டுச் சாவி. அது மட்டும் நீளம். நான் அதை யார்கிட்டயும் சொல்லல." மகன் அம்மாவையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்பவும் கேக்குதாம்மா?" என்றார் போதகர்.

"இல்லீங்கய்யா. மாத்திரையை நிறுத்திப் பாத்தேன். அப்பவும் கேக்கல. அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. நீங்க இல்லைன்னு சொன்னதும் அவரும் நம்பிட்டார் போல."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் போதகருக்குத் தாங்கவில்லை.

பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். காரணமும் எழுதினார். ஒரு மாத ஓய்வு எடுத்துக்கொண்டு திரும்பிவரும்படி பதில் வந்தது, சாவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திரும்பினார். இப்போதெல்லாம் காலையில் அடையாளம் எதுவும் கேட்பதில்லை. தெரியாத வீட்டு வாசலில் நிற்பவர் போல, கூப்பிடவும் தைரியமில்லாமல் திரும்பவும் மனமில்லாமல், அரை மணி நேரம் சும்மா முழங்காலில் நிற்கிறார். அக்கா கதவைத் தட்டிக் காப்பி ஆறுகிறது என்று சொல்லும்வரை.