சாலைக்கு முதுகு காட்டிய நாற்காலிகள்

நாற்காலிகள் சாலையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். சேலத்திலிருந்து மனநல டாக்டர் வரும் நாள். அம்மாவை மாத ஊசிக்கு அழைத்துப் போயிருந்தேன். கோமதி அக்கா வந்திருந்தால் நாற்காலிகள் அப்படி இருந்திருக்காது.

மருந்து கொடுக்கும் நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கு யாரும் சொல்லலையா சாமி? கோமதி போன வாரம் தவறிட்டாங்க. நெஞ்சுவலின்னு சேலத்துக்குக் கொண்டு போனாங்களாம். பாதி வழியிலயே முடிஞ்சுபோச்சு."

எனக்கு யார் சொல்வார்கள்?

அக்காவோடு வேலை செய்தவர்கள் அஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று பின்னர் என்னைக் கேட்டார்கள். பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி அக்கா டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. பள்ளிபாளையத்துக்காரர். மனநல சிகிச்சைக்கு வரத் தொடங்கியவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அவர்கள் விடாமல் வர என்ன செய்யலாம் என்று ராசிபுரம் பக்கத்து ஊர்களில் ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் வேலை செய்தார். ராசிபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார்.

அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது தன்னுடைய தவறு ஒன்றைப் பற்றி விசாரிக்கத்தான். அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. கூலி போகாமல் எல்லோரும் வரலாமே என்று அவர்தான் மனநல முகாமை அமாவாசையன்று வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் போகவில்லை. காரணம் கேட்டு வீடு வீடாக வந்தார்.

நான் அப்போது தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போர்வெல் போடும் ரிக் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மாவுக்குக் குரல்கள் கேட்கும். ஒருமுறை ஊசி விட்டுப்போனதில் வெறுங்காலோடு மல்லூர் வரை நடந்து போய்விட்டார். டீக்கடைக்காரர்கள்தான் உட்கார வைத்திருந்தார்கள். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப்பார்த்து அக்காவிடம் சொன்னார்: "ஏனுங்க, அமாவாசையன்னிக்குக் கூட்டிட்டுப் போனா, இன்னிக்கு முத்திப்போச்சுன்னு ஊரே பேசாதுங்களா? உங்களுக்கு வேற நாளே கெடைக்கலீங்களா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "தறி நிக்கறத மட்டும்தான் பாத்தனுங்க. நெலாவ மறந்துட்டேன்."

அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. முகாம் புதன்கிழமைக்கு மாறியது. அம்மாவும் வர ஒப்புக்கொண்டார்.

ஆனால் இரண்டு முறை வந்தபின் மறுத்தார். "பஸ்ஸுல போறவங்கெல்லாம் என்னையவே பாக்கறாங்க, எனக்கு வேண்டாம்" என்றார். நோய்தான் அப்படிப் பேசுகிறது என்று நினைத்தேன். அடுத்த முகாமுக்கு நான் மட்டும் போனேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். சந்தேகம் கூடியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டலாம் என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நான் போய் உக்காந்து பாத்துட்டு வாரேன்" என்றார் அக்கா.

வராந்தாவில் அம்மா உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே மனநல முகாம் என்ற பலகை. எதிரே சாலையில் வேகத்தடை. சேலம் பஸ் ஒன்று அங்கே மெதுவாகி ஏறி இறங்கியது. அடுத்த பஸ் வரும்வரை அக்கா எழவில்லை. பிறகு உள்ளே வந்தார்.

"அவங்க சொல்றது நெசந்தானுங்க சார். என்னையும் பாத்துட்டுத்தான் போறாங்க. ஒரு அம்மா கைநீட்டி பக்கத்துல இருக்கறவங்களுக்கு வேற காட்டுது. கண்டக்டர் பலகையப் படிச்சுட்டு என்னையப் படிக்கறாரு."

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. அக்கா வெளியே வந்து ஒவ்வொரு நாற்காலியாகச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். சுவரில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருக்கும். எந்த மாதத்துக்கு எந்த ஊசி என்று அம்மாவுக்கு இப்போது மனப்பாடம். நின்றுபோயிருந்த வேறு சிலரும் திரும்ப வந்தார்கள். பக்கத்து ஊர் முகாம்களிலும் நாற்காலிகளைத் திருப்பினார்கள் என்று அக்கா சொன்னார்.

மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வருவார். அவருடைய கேள்விகள் எல்லாம் அம்மாவைப் பற்றியவை. தூக்கம், சாப்பாடு, மாத்திரை. நான் தலையை ஆட்டுவேன். எல்லாம் முடிந்து செருப்பைப் போடும்போது என்னைக் கேட்பார்: "நீ எப்படி இருக்கற சாமி? இது ஆய்வுக்கு இல்ல. நானாக் கேக்கறேன்."

நான் தரையைப் பார்ப்பேன்.

"உங்கம்மா ஒரு மணி நேரம் பேசறாங்க. உன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு பஸ் போயிருது. சரி, அடுத்த மாசம் வாரேன், அப்பச் சொல்லு."

என்னோடு படித்தவர்கள் காலேஜுக்கும் மில் ஹாஸ்டலுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் அம்மா தன் குரல்களோடு பேசிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க என் வாயிலிருந்து ஒரு சொல் வராமலே விளக்கை அணைத்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வி மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

கடைசியாக வந்தபோது வழக்கம்போலக் கேட்டார். எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "நீங்க எப்படி இருக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன்.

அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார்.

"என்னைய யாருமே கேட்டதில்ல சாமி" என்றார். பஸ் ஹாரன் கேட்டது. "அடுத்த மாசம் ரெண்டு பேருமே சொல்லிக்குவோம்."

அக்கா, நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். தனியாக இருக்கிறேன். அவ்வளவுதான். நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கேட்டதற்கு நன்றி அக்கா. போய் வாருங்கள்.

அன்று நர்ஸம்மா சொல்லி முடித்தபோது அம்மா இன்னும் கேட் ஓரத்திலேயே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. நாற்காலிகளைப் பார்த்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"கோமதி வரலையா கண்ணு? பஸ்ஸுல போறவங்க பாப்பாங்க. ஊட்டுக்குப் போலாம் வா."

அவர் சாலைப் பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுக்குப் போனால் ஊசி விட்டுப்போகும். ஊசி விட்டால் மறுபடியும் மல்லூர் சாலைதான்.  இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனேன்.

முதல் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர்களோடு நான் பேசியதில்லை.

"கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?" என்றேன்.

எழுந்தார். அந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பிறகு அடுத்ததை.